தட்டிப் பார்க்காமல் வெட்டாதீர்கள்

பழைய வீட்டில் புது வயரிங் போடப் போகிறோம் என்று சொன்ன மறுநாளே கட்டிங் மிஷினோடு ஆள் வந்து நிற்கிறார். சாக்பீஸால் சுவரில் இரண்டு கோடு. பிளக்கைச் செருகி மிஷினை ஓட விட்டால் அடுத்த நிமிஷம் கூடம் முழுக்க வெள்ளைப் புழுதி. எண்பது தொண்ணூறு வருஷமாக மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் நின்ற சுவர் அது. எந்தச் சாந்து வைத்துக் கட்டினார்கள், பூச்சு எத்தனை கனம், உள்ளே இருப்பது என்ன, மேலே உத்திரம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு கேள்வி கிடையாது. விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பதுகூடக் கிடையாது. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

கும்பகோணத்தில் எங்கள் வீடு, என் மாமனாரின் அப்பா 1930களில் கட்டியது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு என்று நீளமாகப் போகும். முன்கட்டுக்கு மெட்ராஸ் டெரஸ், பின்கட்டுக்கு ஓடு. வெளிச்சுவர் ஒன்றரை அடி, உள்ளே குறுக்குச் சுவர்கள் முக்கால் அடி. கம்பி கட்டிய பில்லர் ஒன்றுகூட இல்லை. கான்கிரீட் பெல்ட்டும் இல்லை. வாசல் நிலைகளுக்கு மேலே லிண்டல் இருக்க வேண்டிய இடத்தில் கனமான மரப்பலகைதான். கூரையின் பாரம் மொத்தமும் சுவர் வழியாகவே தரைக்கு இறங்குகிறது. இன்றைய அபார்ட்மெண்டில் பாரத்தைத் தூணும் பீமும் சுமக்கின்றன. அங்கே சுவர் வெறும் தடுப்பு. அதை வெட்டிப் பழகிய கை, அதே வேகத்தில் இங்கேயும் வெட்டுகிறது. இங்கே சுவரை வெட்டுவது தூணை வெட்டுவதற்குச் சமம் என்று அந்தக் கைக்கு யார் சொல்வது?

வயரிங்கை மாற்றியே ஆக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தேக்குப் பட்டியில் கிளிப் அடித்து ஓடிய பழைய வயரின் ரப்பர் காய்ந்து, தொட்டாலே உதிர்கிறது. பாதி அறைகளில் எர்த் கிடையாது. கறுப்பு பேக்கலைட் சுவிட்சும் மர ரவுண்டு பிளாக்கும் இரண்டு விளக்குக்கும் ஒரு ஃபேனுக்கும் போட்டவை. அதே வயரில் இன்று ஃபிரிட்ஜ், கீசர், மிக்ஸி, ஏ.சி. எல்லாம் தொங்குகின்றன. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் பேரக் குழந்தைகளை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆகவே புது வயர் வேண்டும், எர்த் வேண்டும். அந்த வயர் சுவருக்குள்ளேதான் போக வேண்டும் என்று யார் சொன்னது?

கேட்டேன். "இப்ப யாருக்கா வெளியில பைப் போடுறாங்க? எல்லாம் கன்சீல்டுதான். சுவர்ல ஒண்ணுமே தெரியாது, பாக்க நீட்டா இருக்கும்" என்றார் எலக்ட்ரீஷியன். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வீட்டுக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பட்டி அடித்து வயர் ஓட்டினால் ஏழை வீடு மாதிரி இருக்கிறதாம். இந்த வீட்டுக்கு முதன்முதலாக மின்சாரம் வந்தபோது அந்தக் காலத்து ஒயர்மேன் சுவரை வெட்டவில்லை. மரக்கட்டையைச் செதுக்கிச் சின்ன ஓட்டையில் அடித்து இறக்கி, அதன் மேல் பட்டியை ஆணி வைத்து ஓட்டினார். அதனால்தான் இன்றைக்கு அந்த வயரைக் கழற்ற ஒரு திருப்புளி போதுமானதாக இருந்தது. பட்டி போன இடத்தில் ஆணித் துளையைத் தவிர சுவருக்கு ஒரு காயமும் இல்லை. இன்றைக்குப் புதைக்கிற பைப்பை இன்னும் முப்பது வருஷம் கழித்து மாற்ற வேண்டுமென்றால் மறுபடியும் மிஷின்தான் வரும்.

கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கிற முக்கால் அடிச் சுவரில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பிளேடு இறங்கியதும் முதலில் தெரிந்தது மெல்லிய வெள்ளைப் படலம். காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிப்பு இருக்கும், அவ்வளவுதான். கையால் தடவினால் பளிங்கு போல இருக்குமே, அந்தப் பளபளப்பு முழுவதும் அந்தப் படலத்தில்தான். அதற்கு உள்ளே, செங்கல் தூள் கலந்த இளஞ்சிவப்புக் காரை, ஒரு அங்குலத்துக்குக் குறைவாக. அதற்கும் உள்ளே, இப்போது கிடைப்பதைவிட மெலிசான பழைய நாட்டுச் செங்கல். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையில் சுண்ணாம்பு இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். இருந்தது மண். காவிரி வண்டலைக் குழைத்து வைத்துக் கட்டிவிட்டு, மேலே மட்டும் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். டெல்டாப் பக்கத்துப் பழைய வீடுகளில் இது புதிதில்லை. மேல்பூச்சு உறுதியாக இருக்கிற வரைக்கும் உள்ளே மண் காய்ந்து கல்லாக நிற்கும். பூச்சைத் திறந்துவிட்டால் போயிற்று.

இரண்டு கோடு வெட்டியானதும், நடுவிலிருப்பதை எடுக்க பிரேக்கரை வைத்தார்கள். அந்த அதிர்வில் மண் பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது. ஒன்றரை அங்குல அகலத்துக்குப் போட்ட காடி, அரை மணி நேரத்தில் ஒரு சாண் அகலமாகிவிட்டது. ஒரு செங்கல் முழுசாகக் கழன்று கையோடு வந்தது. காடியை ஒட்டி இரண்டு பக்கமும் பூச்சு செங்கல்லை விட்டு எழும்பி, பொக்கு விட்டு நின்றது. விரலால் தட்டினால் பானையைத் தட்டுகிற சத்தம். அதே சுவரின் அந்தப் பக்கம், குளியலறைக்குச் சுடுதண்ணீர்க் குழாய் பதிக்க பிளம்பர் தன் பங்குக்கு வெட்டிக்கொண்டிருந்தார். ஏறக்குறைய அதே உயரம். இவர் வெட்டுவது அவருக்குத் தெரியாது. அவர் வெட்டுவது இவருக்குத் தெரியாது. கூடத்தில் நின்று காடிக்குள் டார்ச் அடித்தேன். அந்தப் பக்கம் நின்ற என் மருமகளின் புடவையில் வெளிச்சம் விழுந்தது. அந்தச் சுவரின் மேல்தான் மெட்ராஸ் டெரஸின் விட்டங்கள் வந்து உட்காருகின்றன.

இதற்கு விதியே இல்லையா என்றால், இருக்கிறது. கம்பியில்லாத செங்கல் கட்டுமானத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1905 என்ற நெறிமுறை 1987லேயே தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. பாரம் தாங்கும் சுவரில் மேலும் கீழுமாகப் போகிற காடி, சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது. படுக்கைவாட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. படுக்கைவாட்டுக் காடியைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்கவே முடியாவிட்டால் ஒரு மீட்டர் நீளத்துக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முக்கால் அடிச் சுவர் என்றால் 9 அங்குலம். ஆறில் ஒரு பங்கு ஒன்றரை அங்குலம். எங்கள் சுவரில் சுவிட்ச் போர்டு உயரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் படுக்கைவாட்டில் காடி ஓடிவிட்டது, அந்தப் பக்கத்துக் குழாய்க் காடி தனி. மண் சாந்து வைத்த சுவர் என்றால் அந்த அளவும் அதிகம்தான். இந்த எண்களை எலக்ட்ரீஷியன் கேள்விப்பட்டதில்லை. பிளம்பரும் கேள்விப்பட்டதில்லை. மொத்த வேலையையும் எடுத்திருந்த காண்ட்ராக்டருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? "பழைய சுவருக்கு என்னம்மா, யானை முட்டினாலும் நிக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வெட்டினதைவிட எனக்கு அதிகமாக எரிவது, அடைத்ததைப் பார்த்துத்தான். பைப் பதித்தாயிற்று. ஒரு சட்டியில் சிமெண்டும் மணலும் குழைத்து, காய்ந்த காடியில் தண்ணீர்கூடத் தெளிக்காமல் அப்பிவிட்டார்கள். "இரும்பாட்டம் புடிச்சுக்கும்மா" என்றார் கொத்தனார். அது இரும்பாக இறுகுவதுதான் கெடுதலே.

சுண்ணாம்புப் பூச்சு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் வைத்துச் சுட்டால் அதிலிருக்கிற கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. சுட்டதைத் தண்ணீர் விட்டுத் தாளித்து, ஊறப் போட்டு, மணலோ செங்கல் தூளோ சேர்த்து அரைத்துப் பூசினால், காற்றிலிருக்கிற கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப இழுத்துக்கொண்டு அது மறுபடியும் கல்லாகிறது. இதற்கு மாதங்களும் வருஷங்களும் ஆகும். அந்த அவகாசத்தில் சுவர் கொஞ்சம் அசைந்தாலும் பூச்சும் கூட அசைந்து கொடுக்கும். மயிரிழை விரிசல் விட்டால் மழை ஈரத்தில் சுண்ணாம்பு கரைந்து வந்து தானே அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காது. எங்கள் ஊரில் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் வாழ்கிறோம். பழைய வீடுகளின் அஸ்திவாரத்தில் ஈரத் தடுப்புப் பட்டை கிடையாது. ஐப்பசி அடைமழையில் ஓதம் தரையிலிருந்து சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புச் சுவரில் ஏறின ஓதம் மாசியிலும் பங்குனியிலும் பூச்சு வழியாகவே ஆவியாகி வெளியே போய்விடும்.

சிமெண்டுக்கு இந்தக் குணம் எதுவும் இல்லை. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824ல். கான்கிரீட்டுக்கும் புதுக் கட்டடத்துக்கும் அது இல்லாமல் இன்று ஒரு வேலையும் நடக்காது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மெத்தென்ற நாட்டுச் செங்கல்லுக்கும் மண் சாந்துக்கும் நடுவே அதைக் கொண்டுபோய் வைத்தால், அது காயும்போது சுருங்கி, இரண்டு ஓரத்திலும் கோடு விட்டு நிற்கும். ஏறுகிற ஓதம் அந்தச் சிமெண்டுப் பட்டையைத் தாண்ட முடியாமல் பக்கத்திலிருக்கிற பழைய பூச்சுக்குள் திரும்பும். தண்ணீர் ஆவியாகிவிடும். அதோடு வந்த உப்பு பூச்சுக்கு அடியில் தங்கிப் படிகமாகி, பூச்சைத் தள்ளி உடைக்கும். சுவர் உப்புப் பூத்து, பொரிந்து, மாவாகக் கொட்டும். அடைத்த சிமெண்டு அப்படியே இருக்கும். அதைச் சுற்றியிருக்கிற நல்ல பூச்சு போய்விடும். பெயிண்டர் வந்து பார்த்துவிட்டு, "சுவர் வீணாயிடுச்சுக்கா, மொத்தத்தையும் கொத்திட்டு சிமெண்ட் பூசி புட்டி அடிச்சிடலாம்" என்கிறார். வெட்டத் தெரியாமல் வெட்டி, அடைக்கத் தெரியாமல் அடைத்து, பழி கடைசியில் சுவர் மேல்.

இதில் இன்னொருவர் படுகிற பாட்டை யாரும் பேசுவதில்லை. மிஷினைப் பிடித்திருந்த பையனுக்கு இருபது வயசு இருக்குமா என்பதே சந்தேகம். மூக்கில் ஒரு கைக்குட்டை, கண்ணில் ஒன்றும் இல்லை. செங்கல்லிலும் மணலிலும் இருக்கிற சிலிக்கா, மிஷினில் வெட்டும்போது கண்ணுக்கே தெரியாத துகளாகிக் காற்றில் மிதக்கிறது. கைக்குட்டை அதைத் தடுக்காது. நுரையீரலில் போய்த் தங்கினால் நாளடைவில் சிலிகோசிஸ். வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து இல்லை. வெட்டுகிற இடத்திலேயே புழுதியை இழுக்கிற வேக்குவம், மூக்கை இறுக்கி மூடுகிற நல்ல மாஸ்க், கண்ணாடி எல்லாம் கடையில் கிடைக்கின்றன. நானே வாங்கி வந்து கொடுத்தேன். ஒரு நாள் போட்டுக்கொண்டான். மறுநாள் கழுத்தில் தொங்கியது. "மூச்சு முட்டுது பாட்டி" என்றான். அவனிடம் போய்க் கோபப்பட என்னால் முடியவில்லை. அவனை வேலைக்கு அழைத்து வருகிறவர்தான் இதைக் கட்டாயமாக்க வேண்டும். அவரே மாஸ்க் இல்லாமல்தான் நிற்கிறார்.

வேறு வழியே இல்லை, உள்ளேதான் பைப் போக வேண்டும் என்றாலும் அதற்கு ஒரு முறை இருக்கிறது. தாராசுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் அதை எனக்குக் காட்டினார். எழுபது தாண்டின கொத்தனார். அவர் அப்பாவும் சுண்ணாம்பு வேலைதான். வந்தவர் முதலில் எதையும் தொடவில்லை. விரலை மடக்கிச் சுவர் நெடுகத் தட்டிக்கொண்டே போனார். சத்தம் மாறுகிற இடமெல்லாம் கரியால் வட்டம் போட்டார். அந்த வட்டத்துக்குள் எவனும் சுத்தியலைத் தூக்கக் கூடாது என்றார். விட்டம் உட்காருகிற இடம், நிலையின் மேல்பலகை, மாடக்குழியைச் சுற்றி, சுவர் கூடுகிற மூலை, இங்கேயெல்லாம் காடியே கூடாது. மற்ற இடத்தில் மேலிருந்து கீழாக மட்டும். மிஷினால் பூச்சின் கனத்துக்கு மட்டும் இரண்டு கோடு. உள்ளே இருப்பதைக் கூரான சின்ன உளியால், முழ நீளம் முழ நீளமாக எடுத்து, பைப் வைத்து, அதை அடைத்த பிறகுதான் அடுத்த முழம். "பூச்சு செங்கல்ல விட்டு எந்திரிக்காம பாத்துக்கணும் தாயி. எந்திரிச்சிட்டா அப்புறம் உக்காராது" என்றார்.

அடைப்பதற்குத் தாளித்து ஊறின சுண்ணாம்பு, மணல், செங்கல் தூள். கடுக்காய் ஊறின தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் குழைத்தார். காடியைத் தூரிகையால் துடைத்து, நன்றாக நனைத்து, மெல்லிய கையாக ஒரு முறை வைத்து, அது இறுகின பிறகு இன்னொரு கை. பிறகு தினமும் லேசாகத் தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கு. மேல்பூச்சை மணியாசுக் கட்டையால் தேய்த்து, சின்னக் கரண்டியால் இழைத்தார். அவர் அடைத்த பகுதியில் ஓரத்தில் கோடு விழவில்லை. சிமெண்டு வைத்த பகுதி பக்கத்திலேயே இருக்கிறது, இரண்டு ஓரத்திலும் விரல் நகம் நுழைகிற அளவுக்குப் பிளந்து நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் கூட்டிப் போய் இரண்டையும் காட்டுகிறேன்.

ஆனால் சுண்ணாம்பு ஊறுவதற்கு அவர் கேட்ட அவகாசத்தைக் கொடுக்க காண்ட்ராக்டருக்கு மனசில்லை. ஆள் கூலி ஏறுகிறதாம். கடையில் கேட்டால் வெள்ளையடிக்கிற பாக்கெட் சுண்ணாம்பைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். பெரியவரின் மகன் சென்னையில் டைல்ஸ் வேலை பார்க்கிறான். அவரோடு வந்த நிமிந்தாளுக்குக் காரை பதம் தெரியவில்லை. இவருக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரைக் கூப்பிடுவது?

சென்னை சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாபின் கலஸ் மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. அதைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் கலவையிலேயே மீட்டெடுத்தது. பக்கத்திலிருக்கிற ஹுமாயூன் மஹாலையும் அப்படித்தான் சீரமைத்தார்கள். எங்களுக்குக் கிட்டத்திலேயே தரங்கம்பாடியில் டேனிஷ் காலத்துக் கட்டடங்கள் பழைய முறையில் மறுபடி எழுந்திருக்கின்றன. ஆக வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், சரக்கு கிடைக்கிறது, அரசாங்கத்துக்கும் இதன் அருமை தெரிகிறது. அரண்மனைக்கு இருக்கிற இந்த அக்கறை, தெருவில் வரிசையாக நிற்கிற சாதாரண வீடுகளுக்கு ஏன் வர மாட்டேன் என்கிறது? ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும் பாரம் தாங்கும் சுவர் எது, அதை எவ்வளவு வெட்டலாம் என்று ஒரு வாரம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தால் என்ன? பழைய வீட்டு வேலை என்றால் தொடங்குவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியன், பிளம்பர், கொத்தனார் மூன்று பேரையும் ஒரே நேரத்தில் ஒரே சுவர் முன்னால் நிறுத்திப் பேச வைப்பது காண்ட்ராக்டருக்கு அவ்வளவு சிரமமா? எங்கள் தெருவில் மட்டும் போன வருஷத்திலிருந்து எத்தனை வீட்டில் மிஷின் சத்தம். இழைத்த சுவரெல்லாம் குப்பை வண்டியில் மூட்டையாகப் போகிறது.

குறுக்குச் சுவரைப் பார்க்க ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவரை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் பார்த்துச் சொல்கிற வரைக்கும் விட்டத்துக்குக் கீழே இரண்டு முட்டு கொடுத்து வைத்திருக்கிறோம். பிளம்பர் அந்தப் பக்கம் மிஷினை எடுக்கக் கூடாது. குழாயை முற்றத்து ஓரமாகச் சுற்றிக்கொண்டு வரச் சொல்லிவிட்டேன். பைப் கொஞ்சம் கூடுதலாகும், ஆகட்டும். இரண்டாம் கட்டில் இன்னும் யாரும் கை வைக்கவில்லை. அங்கே வயர் சுவருக்கு மேலேதான் ஓடும். பி.வி.சி. கேசிங் வேண்டாம் என்று தச்சரிடம் பழைய தேக்குச் சட்டங்களைக் கொடுத்து, மூடி போட்ட பட்டி இழைக்கச் சொல்லியிருக்கிறேன். எலக்ட்ரீஷியன் வேண்டாவெறுப்பாகத்தான் சம்மதித்திருக்கிறார். பட்டி வந்ததும், பெரியவர் கரியால் வட்டம் போட்ட இடங்களை விட்டுவிட்டு மற்ற இடத்தில் மட்டும் ஆணி அடிப்பதாக என்னிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் நான் பக்கத்திலேயே நிற்பேன்.